மூன்றாவது ‘வேண்டாம்’

ஒரு காலத்தில், சண்டை முற்றிக் கை ஓங்கப் போகிற நேரத்தில் வீரக்குட்டியர் நின்ற இடத்திலேயே சட்டென்று கீழே இருந்துவிடுவார். மணலோ, சேறோ, மூதூர் போகிற தெருவோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். சம்மணம் கட்டி, இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே அமத்தி வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவன் கத்திக் களைத்துப் போகும்வரை கடலைப் பார்த்தபடி இருப்பார். இலங்கைத்துறையில் இதைக் காணாதவர்கள் இல்லை. கண்டு சிரிக்காதவர்களும் இல்லை.

உயிர்த்தெழுதலுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தை முன்னிட்டு இச்சையடக்கம் பற்றி எழுதித் தரும்படி சபையில் என்னைக் கேட்டார்கள். பேராதனையில் படித்துப் பட்டத்தோடு ஊர் திரும்பியவனிடம் வேறு மாதிரியான ஒரு கட்டுரையை அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் எங்கள் கடற்கரையில் அந்தப் பாடத்தை அடிவாங்கிப் படித்தவர் ஒருவர்தான் இருக்கிறார். அவரைப் புகழ்ந்து மட்டும் எழுத என்னால் முடியாது. ஏனென்றால் அவர் அப்படி மணலில் இருந்த ஒரு நாளில்தான் ஆறு பேர் ஏறிய தோணி கடலுக்குப் போனது.

முதலில் அவர் கோபத்தைச் சொல்லவேண்டும்.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு. வீரக்குட்டியருக்கு இருபத்தாறு வயது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தம்பி குஞ்சித்தம்பி பகிடி விட்டுக்கொண்டு நின்றதில் கயிற்றை நழுவவிட்டான். வலையின் ஒரு பக்கம் சரிந்தது. வலை மடிக்குள் வந்து சேர்ந்திருந்த பாரை மீன் கூட்டம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கவே வெளியே போய்விட்டது. வீரக்குட்டியர் தோணிக்குள் கிடந்த துடுப்பை எடுத்தார். எடுத்ததும் தெரியாது, அடித்ததும் தெரியாது என்று அவர் இன்றைக்கும் சொல்வார். எலும்பு முறிந்த சத்தம் மட்டும் தெரியுமாம். இரண்டாவது அடிக்குத் துடுப்பு மேலே போனபோது நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

வெருகல் பரியாரி கட்டு வைத்தும் குஞ்சித்தம்பியின் தோள் எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது.

வீரக்குட்டியரின் மனைவி தங்கமுத்து எங்கள் சபைக் குடும்பத்துப் பெண். அவளைக் கட்டுவதற்காகத்தான் அவர் ஞானஸ்நானம் எடுத்தார். கோயில் வாசல் மிதித்தது அன்றோடு சரி. அடி விழுந்த அன்று தங்கமுத்து ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் அழவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“தம்பிக்கு ஒரு எலும்பு. எனக்கும் வயித்தில கிடக்கிறதுக்கும் எத்தின எலும்பு கிடக்கு எண்டு நினைக்கிறீங்க?”

அடுத்த ஞாயிறு அவர் தானாகவே கோயிலுக்குப் போனார். ஓலைக் கூரையும் மண் சுவருமான சின்னக் கோயில். மாதம் ஒரு தடவை பட்டணத்திலிருந்து போதகர் வருவார். மூன்று மாதம் கழித்து வீரக்குட்டியர் அவரிடம் முறைப்பாடு செய்தார்.

“கோபத்தை எடுத்துப் போடச் சொல்லி ஒவ்வொரு நாளும் கேக்கிறன் ஐயா. எடுக்கிறாரில்ல.”

“எடுக்காட்டி என்ன செய்யப்போறீங்க எண்டு யோசிச்சீங்களோ?” என்றார் போதகர்.

அவர் யோசித்தார். கோபம் வரும்போது தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று, மீன் வரவைப் பார்ப்பதைப் போலக் கவனித்துப் பார்த்தார். தனக்குக் கோபம் காலால்தான் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். முதலில் பாதம் மணலில் ஊன்றும். பிறகு முழங்கால் இறுகும். அது இறுகிவிட்டால் கை தன் பாட்டில் எழும்பிவிடும். அப்படியானால் காலை மடக்கிவிட்டால் என்ன?

முதல் தடவை இதைச் செய்தது பக்கத்து வளவுக்காரரோடு. அவருடைய ஆடு இவருடைய மரவள்ளியைத் தின்றுவிட்டது. வாய்ச்சண்டை நடுவில் இவர் பொத்தென்று கீழே இருந்ததும் அந்த மனிதர் பயந்துபோனார். “ஐயோ, ஆளுக்கு வலிப்பு வந்திட்டு! ஆரும் இரும்புத் திறப்பொண்டு கொண்டு ஓடியாங்க!” என்று ஊரைக் கூட்டிவிட்டார். தன் உள்ளங்கையில் யாரோ திணித்த சாவியோடு வீரக்குட்டியர் பேசாமல் இருந்தார். அன்று கை ஓங்கவில்லை.

பகிடிக்குக் குறைவில்லை. “அண்ணன் அடைக்கு இருந்திட்டார். இருபத்தொரு நாளில குஞ்சு பொரிக்கும்” என்பார்கள். அவருக்கு அந்தப் பகிடிகள் நன்மையே செய்தன; வைராக்கியம் கூடியது. கசிப்புக் குடிப்பதை விட்டார். தபசு காலம் நாற்பது நாளும் மீன் தொடமாட்டார். மீன்காரன் மீன் தின்னாமலிருப்பது எவ்வளவு கடினம் என்று கடற்கரையில் பிறக்காதவர்களுக்குச் சொல்லி விளங்காது. குசினியில் பொரியல் மணக்கும், அவர் வெறும் கஞ்சியோடு எழும்புவார்.

இந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் வலை முதலாளி அபூதாஹிர் அவரைப் பரணில் ஏற்றினார். மூதூரைச் சேர்ந்தவர் அபூதாஹிர், தொழிலாளிகள் மரியாதையாகக் காக்கா என்பார்கள்; எங்கள் கரையில் இரண்டு கரைவலை வைத்திருந்தார். மணல் மேட்டில் நாலு கம்பு நட்டுக் கட்டிய பரணில் ஏறி நின்று, கடலின் நிறத்தைப் பார்த்து மீன் வருவதைச் சொல்வதுதான் அந்த வேலை. தண்ணீர் கறுக்கும். பறவை தாழும். உடனே கூவினால் தோணி அவசரப்பட்டுப் போய் மீனைக் கலைத்துவிடும். மீன் உள்ளே வரும்வரை நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டும். வீரக்குட்டியரைப் போல அந்த வேலையைச் செய்தவர் யாருமில்லை என்று அபூதாஹிர் எல்லோரிடமும் சொல்லுவார்.

கை ஓங்காமல் ஒரு வருடம் முடிந்ததும் வீரக்குட்டியர் பரண் கம்பில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டார். அடுத்த வருடம் இன்னொன்று. அறுப்பின் பண்டிகைக்குப் பட்டணத்திலிருந்து ஆட்கள் வந்தபோது அவரைச் சாட்சி சொல்லக் கேட்டார்கள். துடுப்பால் அடித்த கதையையும், தம்பியின் எலும்பு முறிந்ததையும், பரண் கம்பின் வெட்டுகளையும் சொன்னார். சனங்கள் கண்ணைத் துடைத்தார்கள். மற்ற வருடமும் கேட்டார்கள். மற்ற வருடமும் சொன்னார். குஞ்சித்தம்பி எங்கள் சபையைச் சேர்ந்தவனல்ல. ஆனாலும் கடற்கரைக் கோயிலில் ஒலிபெருக்கி கட்டினால் சபைக்கு வெளியேயும் கேட்கும்.

வீட்டுக்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அதைத் தங்கமுத்து மட்டும்தான் கண்டாள். வெளியே யாரோடும் சண்டை பிடிக்காமல் வருகிறவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள், நாலு நாள் வாய் திறக்கமாட்டார். பிள்ளைகள் தகப்பன் சாய்ந்திருக்கிற கதிரைக்குக் கிட்டப் போகாமல் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள்.

“இது அடக்கம் எண்டு சபையில சொல்லுறாங்க. எனக்கெண்டா, கை படாம அடிக்கிறதுக்கு நீங்க பழகிட்டீங்க போலத்தான் கிடக்கு.”

அதற்கு அவர் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

கடற்கரையிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. வீரக்குட்டியர் கோபம் வந்தால் இருந்துவிடுவார், இருந்துவிட்டால் பேசமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும் அல்லவா? அவருடைய வாயை மூடவேண்டுமென்றால் கோபமூட்டினால் போதும் என்று சிலர் கண்டுகொண்டார்கள். பங்கு பிரிக்கும்போது, வேலை ஒதுக்கும்போது, அவர் ஏதும் நியாயம் கேட்டு வாய் திறந்தால், சுள்ளென்று ஒரு சொல் விழும். அவர் இருந்துவிடுவார். அதற்கு அவர்களுக்குள் ஒரு பேரும் இருந்தது: வீரக்குட்டியரை இருத்துறது.

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் பரண் கம்பில் பதினொரு வெட்டுகள் இருந்தன.

எங்கள் கரையில் கரைவலைக் காலம் வாடைக்காற்றுக்கு முன் முடிந்துவிடும். கடைசியாக வலை வளைக்கிற நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்றைய மீன் முழுக்கத் தொழிலாளிகளுக்கு, முதலாளிக்குப் பங்கில்லை. பங்கில்லாதபடியால் அவருக்கு அன்று சொல்லும் இல்லை. போகிறதா விடுகிறதா என்று தோணிக்காரர்களே முடிவெடுப்பார்கள். அவர்களை மறிக்கக்கூடியவர் பரணில் நிற்கிறவர் ஒருவர்தான். அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டும். ஒருதரம் சொன்னால் அது அவருடைய எண்ணம். இரண்டுதரம் சொன்னால் எச்சரிக்கை. மூன்றுதரம் சொல்லிவிட்டால் தோணியை யாரும் தொடமாட்டார்கள். தொட்டவன் அடுத்த காலம் அந்த வலையில் இழுக்க முடியாது. யார் வைத்த வழக்கமென்று தெரியாது; மீறியவர் இல்லை.

அன்று விடிந்ததிலிருந்தே கடல் சரியில்லை. ஒரு பொட்டுக் காற்றில்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றினதைப் போலப் பளபளத்துக் கிடந்தது. ஆனால் அந்தப் பளபளப்புக்குக் கீழே கிழக்கிலிருந்து நீண்ட நீண்ட அலைகள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் வெகுநேரம் விட்டு, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தன. கரையில் உடையும்போது மட்டும் நிலம் அதிர்ந்தது. நண்டுகள் மணலை விட்டு அடம்பன் கொடிக்கு மேலே ஏறியிருந்தன. ஒரு பறவையும் இல்லை. மேற்கே காட்டுப் பக்கத்து வானம் தேயிலைச் சாயம் போல மங்கிக் கிடந்தது.

எல்லாவற்றையும் விடப் பயங்கரமானது, மீன் வந்திருந்தது. கீரிமீன். ஒரு வளவு அகலத்துக்குத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. காலம் முழுக்க அப்படி ஒரு கூட்டத்தை அவர்கள் பார்த்திருக்கவில்லை.

அபூதாஹிர் வலையை ஏற்றிக்கொண்டு போக மூதூரிலிருந்து மெசினோடு வந்து தென்னைக்குக் கீழே நின்றார். அந்த நாட்களில் உழவு மெசினையும் அதில் பூட்டிய பெட்டியையும்தான் எங்கள் பக்கம் மெசின் என்போம். இழுக்கிறவர்கள் இருபது பேர் கரையில் நின்றார்கள். தோணிக்கு ஆறு பேர். தண்டயல், அதாவது தோணியை நடத்துகிறவன், குஞ்சித்தம்பி. ஆறு பேரில் இளையவன் நாகமணி, கயிறு இழுக்கிற சாமித்தம்பியின் மகன்.

“வேண்டாம்,” என்றார் வீரக்குட்டியர் பரணிலிருந்து.

“என்ன அண்ணே, கண் மங்கிட்டோ?” என்று சாமித்தம்பி கீழேயிருந்து கத்தினார். “காகம் கூட நடந்து போகலாம் போல மீன் கிடக்கு. வேண்டாம் எண்டுறீங்க!”

“நண்டைப் பார். அந்த அலையைப் பார். இந்தக் காட்டுப் பக்கத்து வானத்தைப் பார். இது ஒரு மணித்தியாலம் தாங்காது. வேண்டாம்.”

இரண்டாவது. சிரிப்பு அடங்கிவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு மீன், அதுவும் முழுக்க அவர்களுக்கே. வாடை தொடங்கினால் மூன்று மாதம் அடுப்பு எரியாது. இன்னொரு சொல் விழுந்தால் எல்லாம் முடிந்துவிடும். தோணியடியில் நின்ற யாரோ குஞ்சித்தம்பியின் முதுகில் தட்டி மெல்லச் சொன்னதை இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

“கொண்ணனை இருத்து.”

குஞ்சித்தம்பி பரணடிக்கு நடந்து வந்தான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தவன், அதை எடுத்துவிட்டுக் கோணல் எலும்பைக் காட்டினான்.

“மூண்டாவதைச் சொல்ல முதல் இஞ்ச இன்னொருக்கா அடிச்சிட்டுச் சொல்லுங்க அண்ணே.”

வீரக்குட்டியர் பரணிலிருந்து இறங்கி வந்தார்.

“உங்களுக்குக் கடலுக்குப் பயமில்ல. உங்களுக்கு உங்களை நினைச்சுத்தான் பயம்,” என்றான் குஞ்சித்தம்பி. “இல்லாட்டி வீட்டில மச்சாளிட்டக் கேட்டிட்டு வந்து சொல்லுங்களன்.”

“போ தம்பி.”

“வருசா வருசம் என்ட எலும்பைச் சொல்லிச் சாட்சி சொல்லுறீங்க. ஒலிபெருக்கி கட்டி. என்னட்ட ஒருக்காக் கேட்டீங்களோ? என்ட எலும்பில ஏறி நிண்டுதானே நீங்க பெரிய மனிசன் ஆனது? அடியுங்க. அடிச்சா அடுத்த வருசமும் சொல்லக் கதை கிடைக்கும்.”

வீரக்குட்டியரின் பாதம் மணலில் ஊன்றியது. முழங்கால் இறுகியது. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அவருடைய கண் ஒருதரம் பரண் கம்புக்குப் போய் வந்தது.

பிறகு அவர் கீழே இருந்துவிட்டார். கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

இழுக்கிறவர்கள் தோணியைச் சுற்றி வந்து கை வைத்தார்கள். பிறகு “தள்ளுங்கடா!” என்று ஒரு குரல் கேட்டது. தோணி உருளைக் கட்டைகளில் உருண்டு தண்ணீரில் விழுந்தது. குஞ்சித்தம்பி கடைசியாக ஏறினான்.

தென்னையடியில் நின்ற அபூதாஹிர் பக்கத்தில் நின்றவனைக் கேட்டார்: “மூண்டாவது சொல்லல்லியே?”

“இல்ல காக்கா. இருந்திட்டார்.”

“யா அல்லாஹ்,” என்றார் அபூதாஹிர், தனக்குள்.

கரைவலையில் கயிற்றின் ஒரு நுனி கரையில் இருக்கும். தோணி மற்றக் கயிற்றையும் வலையையும் ஏற்றிக்கொண்டு, போகப் போக அவிழ்த்துவிட்டு, மீனை வளைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பும். தோணி தூரம் போய்விட்டது. கயிறு முடிந்து வலை இறங்கத் தொடங்கியிருந்தது. அப்போது தங்கமுத்து தேத்தண்ணியோடு வந்தாள். புருஷன் மணலில் இருப்பதைக் கண்டாள், கடலைக் கண்டாள், மேற்கு வானத்தையும் பார்த்தாள்.

“மூண்டாவது சொன்னீங்களோ?”

அவர் தலையசைத்தார், இல்லை என்று.

“ஏன்?”

“கோபம் வந்திட்டு.”

“கோபம் போகட்டும் எண்டு இருந்தீங்க. தோணியும் போயிட்டுது.” அவள் தேத்தண்ணிக் கேத்தலை மணலில் போட்டாள். “எழும்புங்க. ஆறு பேர் அங்க. எழும்புங்க!”

அவர் எழும்பினார். தண்ணீர் விளிம்புக்கு ஓடி, இரண்டு கைகளையும் வாயில் குவித்து “வேண்டாம்!” என்று கத்தினார். மூன்றாவது ‘வேண்டாம்’ அதுதான். அதே நேரம் காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது. தென்னைகள் கடலை நோக்கிச் சாய்ந்தன. ஓலை, மணல், யாருடையதோ தொப்பி எல்லாம் தலைக்கு மேலால் கடலுக்குப் பறந்தன. அவருடைய சொல்லும் அவற்றோடு போயிருக்கும். ஆனால் காற்றின் இரைச்சலில் தோணியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

கரைக்காற்று தோணியை வெளியே தள்ளியது. கிழக்கு அலை அதை உயர்த்தி உயர்த்தி அடித்தது. தண்ணீர் நிரம்புவது கரையிலிருந்தே தெரிந்தது. தோணியைக் கரையோடு பிடித்திருந்தது அந்தத் தும்புக் கயிறும் பாதி இறங்கிய வலையும் மட்டுமே. கயிறு அறுந்தால் ஆறு பேரும் வங்காள விரிகுடாவுக்குள் போய்விடுவார்கள்.

“வலையைப் பாக்காதிங்க!” என்று அபூதாஹிர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “கிழிஞ்சா கிழியட்டும், இழுங்க!”

இருபது பேரும் கயிற்றில் விழுந்து இழுத்தார்கள். பயத்தில் இழுக்கிற இழுவை. சாமித்தம்பி மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி வெட்டி இழுத்தார். கயிறு முறுகி முனகியது. ஓர் இழை தெறித்தது.

வீரக்குட்டியர் கயிற்றின் முன்னால் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். “நிப்பாட்டு!” என்றார். பதினொரு வருடமாக அந்தக் கரை கேட்காத குரல் அது. எல்லோரும் நின்றார்கள். “அலை தூக்கேக்க பிடிச்சுக்கொண்டு மட்டும் நில்லுங்க. இறங்கி இளகேக்க இழுங்க. நான் சொல்லேக்க. அதுக்கு முதல் ஒருத்தனும் இழுக்கக்கூடாது.”

“இப்ப இழுக்காம எப்ப!”

“பிடி. இப்ப இல்ல. இப்ப இல்ல. இப்ப!”

மூன்று முழம் வந்தது. மறுபடியும் நின்றார்கள். கண்ணுக்கு முன்னால் பிள்ளைகள் சாகிறபோது கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று அன்று அங்கே நின்றவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது இன்றைக்கும் அவர்களுடைய விரல்கள் மடங்கும்.

சாமித்தம்பியால் தாங்க முடியவில்லை. கயிற்றோடு முன்னுக்கு வந்து வீரக்குட்டியரின் முகத்தில் அடித்தார்.

“நீ இருந்ததாலதானேடா போனாங்க! உன்ட வாய்க்குள்ள என்ன கிடந்தது? சொல்லன்டா!”

மூக்கால் இரத்தம் வந்தது. மறுபடி அடித்தார். வீரக்குட்டியர் திருப்பி அடிக்கவில்லை, கீழே இருக்கவுமில்லை. கால் ஊன்றி, முழங்கால் இறுகி, நின்ற நிலையில் நின்றார்.

“அடி சாமித்தம்பி,” என்றார். “ஒரு கையால அடி. மற்றக் கையால கயித்தைப் பிடி. விடாத. இப்ப! இழு!”

சாமித்தம்பி இழுத்தார்.

பின்னேரம் நாலு மணி போல தோணி கரைக்கு முன்னால் உள்ள கடைசி மணல் திடலுக்கு வந்தது. வலை துண்டு துண்டாகியிருந்தது. தோணிக்குள் ஆறு தலைகளும் தெரிந்தன. சாமித்தம்பி விரலால் எண்ணினார். அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து ஓர் அலை, சத்தமில்லாமல், அவசரமில்லாமல் எழும்பி வந்து தோணியைப் பக்கமாகப் புரட்டியது.

ஐந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். குஞ்சித்தம்பி நாகமணியைத் தேடி இரண்டு தடவை தோணிக்குக் கீழே முங்கினான். மூன்றாவது தடவை போகவிடாமல் இழுத்து எடுத்தார்கள். நாகமணியின் உடம்பு இரண்டு நாளுக்குப் பிறகு வெருகல் ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கியது. பத்தொன்பது வயது.

அன்று அந்தி படுகிற நேரம் குஞ்சித்தம்பி சாக்கால் போர்த்துக்கொண்டு மணலில் கிடந்தான். பக்கத்தில் அண்ணன். இதைத் தங்கமுத்து கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“அண்ணே. நான் வேணுமெண்டுதான் அப்பிடிக் கதைச்சனான். உங்களை இருத்தத்தான்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“நீ தோளில கிடந்த சேட்டை எடுக்கேக்கயே தெரியும்.”

குஞ்சித்தம்பி சாக்கை விலக்கி எழும்பி இருந்தான். பிறகு “தெரிஞ்சும் ஏன் அண்ணே இருந்தீங்க?” என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்லாமலிருப்பது இனித் தன்னால் முடியாது என்று அவருக்கு அன்றே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சபையில் அவரைத் தூக்கிவைத்துப் பேசத் தொடங்கினார்கள். கயிற்றை அவர் நடத்தியிராவிட்டால் ஆறு பேரும் போயிருப்பார்கள் என்றார்கள். அது உண்மைதான். முகத்தில் அடி வாங்கிக்கொண்டு நின்றாரே, இதுவல்லவோ இச்சையடக்கம் என்றார் ஒருவர். வீரக்குட்டியர் எழும்பி, “இண்டைக்கு என்னைப் பற்றிக் கதைக்க வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போனது சாமித்தம்பியின் வீட்டுக்கு. நாகமணியைப் புதைத்தபோது அவரை வளவுக்குள் விடவில்லை. மழைக்குள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வந்திருந்தார். அன்று நாகமணி செத்து ஆறாம் நாள். சாமித்தம்பி கதவடியில் நின்றார்.

“என்னத்துக்கு வந்தனீ?”

“கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தனான். தண்ணிக்குள்ள வைச்சுக் கேட்டாயே, வாய்க்குள்ள என்ன கிடந்தது எண்டு.”

“சொல்லு.”

“அவங்கள் என்னை இருத்தப் பாக்கிறாங்கள் எண்டு தெரியும். கடல் என்ன செய்யும் எண்டும் தெரியும். மூண்டாவதைச் சொல்ல வாய் திறந்தா அந்தக் கோபத்தில கையும் எழும்பியிருக்கும். எழும்பினா பதினொரு வருசம் போயிடும். சபையில என்னத்தைச் சொல்லுவன்? எனக்கு அந்த நேரம் என்ட பேர்தான் பெரிசாக் கிடந்தது, சாமித்தம்பி. உன்ட பிள்ளையை விட.”

ஆசைகளில் இதைத்தான் நாங்கள் கடைசியாக அடையாளம் காண்கிறோம். கசிப்பை விடலாம், நாற்பது நாள் மீனை விடலாம், கையைக்கூடத் தொடைக்குக் கீழே வைத்து அடக்கலாம். அடக்கமான மனிதன் என்று பெயர் எடுக்கிற ஆசை அவை எல்லாவற்றையும் தின்று கொழுத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். நான் வாசித்த வாசிப்பில் யாரும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

சாமித்தம்பி அவரை மன்னிக்கவில்லை. அடிக்கவுமில்லை. “சொல்லிட்டாய். போ,” என்றார்.

அடுத்த சித்திரையில் கரைவலை திறந்தபோது வீரக்குட்டியர் பரணில் ஏற மறுத்தார். அபூதாஹிர் நாலு தடவை வந்து கேட்டார். ஐந்தாவது தடவை வந்தவர் சாமித்தம்பி.

“நீதான் ஏற வேணும்,” என்றார்.

அவர் ஏறினார். இப்போது ஐம்பத்து நாலு வயதாகிறது, இன்னும் ஏறுகிறார். இப்போதெல்லாம் கோபம் வந்தால் சில நாட்களில் கத்துகிறார், குரல் நடுங்கினாலும் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறார். வீட்டிலும் அப்படித்தான். “இப்ப இவரோட சண்டை பிடிக்கலாம், கடவுளுக்குத் தோத்திரம்,” என்கிறாள் தங்கமுத்து. பதினேழு வருடத்தில் அவர் ஒருவரையும் அடிக்கவில்லை. அதை அவர் எங்கும் குறித்து வைக்கவுமில்லை; நான்தான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் கடைசி வளைப்பு நாளன்று சாமித்தம்பி கயிற்றைத் தொடமாட்டார். விடியற்காலையிலேயே வந்து பரணுக்குக் கீழே நிற்பார். மேலே நிற்பவர் தோணியை அனுப்பினால், அது திரும்பிக் கரையில் முட்டும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். சாமித்தம்பியின் இடுப்பில் வலை வெட்டுகிற கத்தி இருக்கும். கடற்கரையில் எல்லோர் இடுப்பிலும் இருக்கிற கத்திதான்.

ஒருநாள் தோணி திரும்பி வராவிட்டால் என்ன செய்வார் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அங்கே நிற்கவேண்டாம் என்று வீரக்குட்டியரும் சொன்னதில்லை.